யாருங்க தவறிட்டாங்க?

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரவீன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் மகனாக இருக்க வேண்டிய வயது. ஆனால் நிகழ்ச்சித் தலைவர் அவர், நான் அவரிடம் மூன்று மாதச் சோதனையில் இருக்கிறவன்.

காதில் மாட்டிய ஹெட்போனில் யாரோ ஒரு பையனின் தலை ஜெல் வாசனை. தரையில் புதுக் கார்ப்பெட்டின் பசை வாசனை. ஏ.சி. குளிரில் சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டேன்.

"இனிய காலை வணக்கம். ஆரணி, முள்ளிப்பட்டு, பெரணமல்லூர் பக்கம் தறியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்…"

இன்னும் வாக்கியம் முடியவில்லை. போன் விளக்கு மினுக்கியது. பாட்டே போடவில்லை, அதற்குள் அழைப்பா? பல வருடம் கழித்து மைக் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"வணக்கம்மா. பேருங்க?"

"கஸ்தூரிங்க. முள்ளிப்பட்டு."

"சொல்லுங்க கஸ்தூரி. என்ன பாட்டு வேணும்?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றிருந்தது. அவர்கள் வீட்டு ரேடியோவிலிருந்து என் குரலே கொஞ்சம் பிந்தி வந்து, என்ன பாட்டு வேணும் என்று என்னைக் கேட்டது.

"பாட்டு கெடக்கட்டுங்க. யாருங்க தவறிட்டாங்க?"

"என்னம்மா?"

"இல்ல, நீங்க பேசறீங்களே. யாருன்னு சொன்னீங்கன்னா பங்காளியா இல்லியான்னு பாத்துக்குவோம். எங்க வூட்டுக்காரரு தறி மிதிலருந்து கால எடுத்துட்டு உக்காந்துகினு கீறாரு. ஜல்தியா சொல்லுங்க சார், பொடவ பாதிப் பூவுல நிக்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

கோபத்தில் வாங்கிய ஓய்வு

கஸ்தூரி அப்படிக் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. அதைச் சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அரசு வானொலி நிலையம் ஒன்றில் நான் அறிவிப்பாளனாக இருந்தேன். எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், பழைய நண்பர்கள் சிலர் நான் இதை எழுதும் இந்த வாரப் பத்திரிகையை இன்னமும் வாங்குகிறார்கள்.

கேன்டீனில் நான் கோமாளி. நான் உட்கார்ந்திருக்கும் மேஜையில் டீ சிந்தாத நாள் கிடையாது, அப்படிச் சிரிப்பார்கள். மைக் முன்னால் போனால் மட்டும் என் குரல் என்னை விட்டுவிட்டு எங்கேயோ துக்கம் விசாரிக்கப் போய்விடும். "அடுத்து வருவது நகைச்சுவை நாடகம்" என்று நான் சொன்னால் நாடகத்தில் நடித்தவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று கேட்கிறவர்கள் பயந்துபோவார்கள்.

மேலே இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. பெரிய தலைவர் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் என் வார விடுமுறை ரத்து. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனால்தான் நானும் வீட்டுக்குப் போகலாம். எத்தனையோ தலைவர்கள் நலம்பெற நான் மனமாரப் பிரார்த்தித்திருக்கிறேன்.

பதவி உயர்வு வந்தபோது எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. தொண்ணூறுகளின் கடைசி. ஐம்பது வயது எனக்கு. கோபத்தில் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். யாராவது வந்து, "என்ன இது, குழந்தை மாதிரி" என்று தோளைத் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அதற்காகவே தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

ஒருவரும் தட்டவில்லை. ஒரு மின்விசிறி மாற்றுவதற்கு வருடக்கணக்காகும் அந்த ஆபீசில் என் காகிதம் மட்டும் எக்ஸ்பிரஸ் வண்டியாக ஓடியது. ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுக்கொரு ஜாங்கிரி. அதோடு முடிந்தது.

ஆரணிக்கு வந்து அந்தக் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினேன். என் மனைவி சரோஜா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இனிமே நேரத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அந்தக் கவலை இருந்தது.

மைக் செட் மச்சான்

சரோஜாவின் தம்பி ஏகாம்பரத்துக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக் செட் கடை. கல்யாணம், காது குத்து, கூழ் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான். அவனிடம் ஓர் ஆட்டோவும் உண்டு. ஊரில் யாராவது இறந்தால் அந்த ஆட்டோ தெருத் தெருவாகப் போய்ச் சொல்லும். சொல்கிறவன் ஏகாம்பரமே. கத்தரிக்காய் விற்கிற குரலில் சாவு சொல்வான். சில வீடுகளில் பையோடு வெளியே வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கி, எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, வாயத் தொறக்க முடியல. ஒரு சாவு வந்துகீது. இத ஒண்டி நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும்."

"நான் ரேடியோல செய்தி சொன்னவன்டா."

"இதுவும் செய்திதான மாமா."

ஜன்னலைச் சாத்திவிட்டு, டேப் ரெக்கார்டரில் பேசிக் கொடுத்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெசவுத் தெருவில் பங்காளி வகையில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டுத் தறி நிற்க வேண்டும். தீட்டோடு பட்டைத் தொடக் கூடாது. அதனால் தெரு முனையில் சாவு ஆட்டோ சத்தம் கேட்டதுமே குழித்தறியில் இருப்பவர்கள் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். கையில் ஊடை நூல் ஓட்டும் நாடா அப்படியே இருக்கும். முதலில் தெருப் பெயர் வரும், பிறகு வீட்டுப் பெயர், பிறகு ஆள் பெயர். நம் ஆள் இல்லை என்று தெரிந்ததும் கால் மறுபடியும் மிதிக்கு இறங்கும். நம் ஆள் என்றால் நாடாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

என் குரலில் போன அந்த முதல் சாவு, தெருவில் பெரிய பேர் வாங்கிவிட்டது. இறந்தவருடைய மகன் மறுநாள் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க நைனா இருந்த வரைக்கும் ஒருத்தனும் மதிக்கல சார். நேத்து நீங்க சொன்னப்பதான் அவரு பெரிய மனுசன்னு எங்களுக்கே தெரிஞ்சிச்சி" என்றான்.

அவ்வளவுதான். பிறகு நிற்கவேயில்லை. பாடை கட்ட மூங்கிலுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால், "ரேடியோ சாரு ஊர்ல கீறாரா பாரு" என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரு வீட்டுக்கு 'சிவலோகப் பதவி அடைந்தார்'. இன்னொரு வீட்டுக்கு 'வைகுண்டப் பதவி'. சர்ச் தெரு வாத்தியார் வீட்டுக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. ஊரில் அத்தனை பேருக்கும் என் வாயால்தான் பதவி கிடைத்தது. எனக்குக் கொடுக்கத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஏகாம்பரம் கெட்டிக்காரன். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்ற முகப்பை மட்டும் என்னிடம் ஒரு தனிக் கேசட்டில் வாங்கி வைத்துக்கொண்டான். நான் ஊரில் இல்லாவிட்டாலும் முகப்பு என் குரலில் ஓடும், பெயரை மட்டும் அவன் சொல்வான்.

மளிகைக் கடையில் நான் வாய் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். உடம்பு சரியில்லாமல் இருந்த ஒருவரை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே பழத்தை வாங்கிக்கொண்டு, "அவரு நல்லாத்தான் கீறாரு, நீங்க போங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மறுபடியும் மைக்

வேலூரில் புதிதாக ஒரு எஃப்.எம். வந்தது. ஷேர் ஆட்டோ, டீக்கடை, தறிக்கூடம், எங்கே போனாலும் அதே சத்தம். கலகலவென்று பேசினார்கள். மூச்சு விடாமல் சிரித்தார்கள். நான் அதைத் திட்டிக்கொண்டே முழு நாளும் கேட்டேன்.

அனுபவமுள்ள குரல் தேவை என்று ஒரு நாள் அறிவித்தார்கள். இனி ரேடியோ மைக் முன்னால் உட்கார மாட்டேன் என்று நான் சபதம் செய்திருந்தது சரோஜாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு வைத்தாள்.

பிரவீன் சென்னைக்காரர். ஆரணி என்றால் அவருக்குப் பட்டும் அரிசியும்தான் தெரியும். சாவு ஆட்டோ தெரியாது. நான் ஒரு பாராவைப் படித்துக் காட்டியதும் எழுந்து நின்றுவிட்டார். "சார், என்ன ஒரு பேஸ் வாய்ஸ்! எங்க சார் இருந்தீங்க இத்தனை நாளா?"

நான் எங்கே இருந்தேன் என்று சொல்லவில்லை.

நெசவாளர்களுக்காகக் காலையில் ஒரு நிகழ்ச்சி. 'தறித் தாளம்' என்று பெயர். கேட்ட பாட்டைப் போட்டு, கதை பேசி, போனில் சிரிக்க வைக்க வேண்டும். ஆரணி ஜவுளிக்கடை முதலாளி ஒருவரின் முகூர்த்தப் பட்டு விளம்பரத்தில்தான் நிகழ்ச்சி ஓடும். மூன்று மாதம் பார்ப்போம், ஜனங்களுக்குப் பிடித்தால் நிரந்தரம்.

எனக்கு அது வேலை மட்டும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆபீஸ் மைக்கில் இறுகிப் பேசினேன், பிறகு ஆட்டோ மைக்கில் இறுகிப் பேசினேன். கேன்டீனில் இருந்த அந்த ஆள் ஒரு தடவையாவது காற்றில் ஏற வேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

ஏகாம்பரத்திடம் போய், "இனிமே சாவு சொல்ல மாட்டேன்டா. உயிரோட இருக்கறவங்ககிட்ட பேசப் போறேன்" என்றேன்.

"அவங்க ஒங்கள இன்னா பண்ணாங்க மாமா?" என்றான்.

சிரித்துப் பழகியது

கஸ்தூரிக்குப் பிறகு அன்றைக்கு வந்த அழைப்புகளில் பாதி அதே கேள்வி. ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "பேர மொதல்ல சொல்லாம நடுவுல பாட்டு எதுக்கு சார் போடறீங்க?"

சாவு ஆட்டோ விஷயத்தைச் சொன்னதும் பிரவீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சூப்பர் கான்செப்ட் சார். ரெண்டு நாள்ல பழகிடுவாங்க" என்றார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

குரலை மாற்றிப் பார்த்தேன். மூக்கால் பேசினேன். வேகமாகப் பேசினேன். குளியலறையில் வாளி மேல் உட்கார்ந்து சிரிப்புப் பயிற்சி எடுத்தேன். சரோஜா கதவைத் தட்டி, "இன்னாங்க, வழுக்கி வுழுந்துட்டீங்களா?" என்றாள்.

ஒரு வாரம் சிரித்துச் சிரித்தே நிகழ்ச்சி செய்தேன். ஆரணி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அந்த சாவு சொல்றவரு ரேடியோல வராரே, கேட்டியா?"

"கேட்டேன். எழவு சொல்ற கொரலுல போயி இப்டி சிரிக்கறாரு பாரு. மரை கழண்டுக்கிச்சி போலக்கீது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். குரல் தெரிந்தவர்களில் பலருக்கு என் முகம் தெரியாது என்பது அன்றைக்கு உதவியது.

இதில் பெரிய கொடுமை, எனக்குப் போட்டி நானேதான். காலையில் ரேடியோவில் குழைந்து குழைந்து பேசிவிட்டு வருவேன். அதே நாள் மத்தியானத்துக்குள் ஏகாம்பரத்தின் ஆட்டோ முகப்புக் கேசட்டைப் போட்டுக்கொண்டு போகும். நான் பாடுபட்டுச் சிரித்து வைத்ததையெல்லாம் நானே தெருத் தெருவாக வந்து துடைத்துவிட்டுப் போனேன்.

கடைக்குப் போய்க் கேசட்டைக் கேட்டேன்.

"குடுத்துடுறா. என் பொழப்பு போவுது."

"மாமா, ஒங்க கொரலு இல்லாட்டி ஒருத்தரும் வெளிய வரமாட்றாங்க. நா கத்துனா வெங்காயம் இன்னா வெலன்றாங்க. எழவு வூட்டுக்காரன் என்னத்தான திட்றான்?"

"என் குரல்டா அது."

"ஒங்க கொரலுதான். இல்லன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அக்காள் புருஷன் என்ற மரியாதையில் சத்தம் போடவில்லை. கேசட்டையும் தரவில்லை.

முதலாளி வந்தார்

விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி ஸ்டேஷனுக்கே வந்தார். முள்ளிப்பட்டில் பல வீட்டுத் தறிகளுக்குப் பட்டுப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறவரும் அவர்தான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். துக்க வீட்டில் உட்காருவதைப் போல.

"சார், ஒங்க மேல எனக்கு ரொம்ப மரியாத. எங்க அப்பாவுக்கு நீங்கதான் சொன்னீங்க. அதான் இப்ப பேஜாரு."

"சொல்லுங்க."

"முகூர்த்தப் பட்டுன்னு நீங்க சொல்றப்ப எங்க வூட்டம்மா அழுவறாங்க சார். மாமனாரு நெனப்பு வருதாம். பொண்ணுக்குப் பொடவ எடுக்க வரவங்க ரேடியோவ நிறுத்தச் சொல்றாங்க. தறிப் பக்கமும் கேட்டுட்டேன். நீங்க வாயத் தொறந்தா அத்தன பேரும் கால எடுத்துட்றான். நீங்க பேச்ச முடிச்சி பாட்டு போட்டாத்தான் கால வெக்கறான். எங்களுக்கும் பொடவ நாள் தவறாம வரணுமே சார்."

"பழகிடுவாங்கன்னு…"

"எத்தினி சாவு சார் நீங்க சொல்லிகீறீங்க எங்க ஊருக்கு? அதுல எப்டி பழகறது?"

கோபமே இல்லாமல் கேட்டார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

நல்ல யோசனை

மறுநாள் பிரவீன் பேப்பர் கப்பில் காபி வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அந்த ஆபீசில் காபியை நாமேதான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். காபி நம்மைத் தேடி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஃபீல் பண்ணாதீங்க சார். 'தறித் தாளம்' இனி வேற ஒரு பொண்ணு பண்ணட்டும். உங்களுக்கு வேற ஒண்ணு யோசிச்சிருக்கேன்."

"என்ன?"

"'அஞ்சலி நேரம்'. டெய்லி காலைல அஞ்சு நிமிஷம். சுத்துவட்டாரத்துல இறந்தவங்க பேரு, ஊரு, எத்தனை மணிக்கு எடுக்கறாங்க. குடும்பத்துக்காரங்க வந்து புக் பண்ணுவாங்க. இதுல உங்களை அடிச்சிக்க ஆளே கிடையாது சார். இதான் உங்க ஸ்ட்ரென்த்."

கண்கள் பளபளக்கச் சொன்னார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நம்பினார். அதுதான் சகிக்கவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. ஆனால் ஒரு தடவை அப்படி எழுந்து போய்ப் பார்த்தவன் நான். பின்னாலேயே ஓடி வந்து ஒருவரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். ஜாங்கிரிதான் கொடுப்பார்கள்.

"எப்பலருந்து?" என்று கேட்டேன்.

ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வைத்தேன். அரசு நிலையத்தில் அறிவிப்பாளன் தன் பெயரைச் சொல்லக் கூடாது. சாவு ஆட்டோவிலோ, இறந்தவர் பெயரைத்தான் சொல்வார்கள். இங்கேயாவது நிகழ்ச்சி முடியும்போது என் பெயரை நான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

"அஃப் கோர்ஸ் சார்!" என்றார்.

வீட்டில் சரோஜா தட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒத்துக்கினீங்களா?"

"ஒத்துக்கினேன்."

"ஏகாம்பரம்கிட்ட கோவிச்சிகினு கேசட்டக் கேட்டீங்களாமே, அவன் பாவம் இல்ல?"

"இனிமே அவனே வெச்சிக்கட்டும். ரேடியோல நான் சொல்றத அவன் ஆட்டோல போட்டுக்கிட்டாலும் சரி."

அவள் ரசம் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். எங்கள் வீட்டில் அனுதாபம் அந்த ரூபத்தில்தான் வரும்.

அந்தத் தெரு

முதல் 'அஞ்சலி நேர'த்தை முந்தின நாளே பதிவு செய்துகொண்டார்கள். ஒலிபரப்பாகும் காலையில் நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. என் பெயரை அவர்கள் கேட்கிறதைப் பார்க்கத்தான் போனேன்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரேடியோ, அல்லது ஜன்னல் கம்பியில் சொருகிய செல்போன். புதிதாக வந்த பெண் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். தறிகள் அவளோடு ஓடிக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் பேசினாள்.

அவள் முடித்தாள். ஒரு வீணை இசை. பிறகு நான்.

"ஆழ்ந்த வருத்தத்துடன்…"

தெரு நின்றுவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மிதி அசையவில்லை. ஒரு வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். எல்லா ஜன்னலிலிருந்தும் நானே பேசினேன். வானொலியில் அத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒரு கவனத்தோடு என்னை யாரும் கேட்டதில்லை.

பெரணமல்லூர் என்றேன். தெருப் பெயர் சொன்னேன். வீட்டுப் பெயர். ஆள் பெயர்.

இடது பக்கத்து வீட்டில் ஒரு மிதி இறங்கியது. எதிர் வீட்டில் இன்னொன்று. அவர்களுடைய ஆள் இல்லை. நாடாக்கள் ஓடத் தொடங்கின. நான் எடுக்கிற நேரத்தைச் சொன்னேன், குடும்பத்தாருக்கு ஆறுதல் சொன்னேன். அதற்குள் தெரு முழுக்கத் தறிகள் தடதடத்தன.

"இதுவரை உங்களிடம் பேசியது" என்பது வரைக்கும் காதில் விழுந்தது. மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு ஜன்னலோரம் போய்க் காதை வைத்தேன்.

அந்தத் தெருவில் என் பெயருக்காக நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கும் கேட்கவில்லை.